மால்டா, கோசோ கடல்ல ஸ்நார்க்கலிங்: பல வருஷ அனுபவம்

மெடிட்டரேனியன் கடல்ல ஸ்நார்க்கலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்துகிட்டே கடலுக்குள்ள பாக்கறது, பண்ண என்ன இருக்கு, ஒண்ணுமே இருக்காதாமேன்னு நிறைய பேரு கேக்கறாங்க. நான் மால்டாவுக்கு வேலைக்கு வந்ததுல இருந்து, பல வருஷமா, வெயில் ஆரம்பிச்சா லீவு நாள் முழுக்க தண்ணிலதான் இருக்கேன், அந்த அனுபவத்துல எழுதறேன். பவளப்பாறை, கலர் கலரா மீன் கூட்டம்னு நெனச்சு வந்தீங்கன்னா கண்டிப்பா ஏமாறுவீங்க. இங்க இருக்கறது சுண்ணாம்புப் பாறையும் கடல்புல்லும், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கற உயிருங்களும்தான். அவசரப்படாம பாக்கறவங்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கற கடல் இது.

தண்ணி தெளிவு பத்தி முதல்ல சொல்லிடறேன். மால்டாவுல வருஷம் பூரா ஓடற ஆறே கிடையாது, சேறு வந்து கலக்காது, கடல்லயும் சத்து கம்மிங்கறதால பிளாங்க்டன்னு சொல்ற, தண்ணில மிதக்கற குட்டி உயிருங்க கம்மி, அதனால நல்ல நாள்ல 20, 30 மீட்டர் வரைக்கும் பளிச்சுனு தெரியும். மீன் கூட்டம் கம்மியா இருக்கறதுக்கும் இதேதான் காரணம்.

எங்க போறதுங்கறத காத்து பாத்துதான் முடிவு பண்ணணும், இது ரொம்ப முக்கியம். இங்க அதிகமா வீசறது வடமேற்குக் காத்து, மஜ்ஜிஸ்ட்ரால்னு சொல்லுவாங்க. அது வீசும்போது தெற்குல இருக்கற ஆர் லாப்சி, வீட் இஸ் சூரீக் பக்கம் போனா பெரும்பாலும் அலை இல்லாம அமைதியா கிடக்கும். தெற்குக் காத்துன்னா கோசோ தீவோட வடக்குக் கரையில வீட் இல் ஆஸ்ரி, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவுல குறுகலான தண்ணிப் பாதை. வடக்குல இருந்து அலை வர்ற நாள்ல மட்டும் அதுக்குள்ள இறங்கவே இறங்காதீங்க. கொமினோங்கற குட்டித் தீவுல இருக்கற ப்ளூ லகூனுக்கு ஜூலை ஆகஸ்ட்ல போறத நான் விட்டுட்டேன். தண்ணி கலர் அழகுதான், ஆனா கீழ வெறும் வெள்ளை மணல், மேல படகும் கூட்டமும், மீன் பாக்க வர்றவங்களுக்கு அது இடம் இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆக்டோபஸ். பாறை இடுக்குக்கு முன்னாடி காலி சிப்பி, கூழாங்கல்லு எல்லாம் குவிஞ்சு கிடந்துச்சுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். தூரமா மிதந்துகிட்டே கை கால் ஆட்டாம கொஞ்ச நேரம் காத்திருந்தா, முதல்ல ஒரு கண்ணு மட்டும் மேல எழும்பும், அப்புறம் தோல் சொரசொரன்னு பாறை மாதிரியே மாறும், ஒரு கை மெதுவா வெளிய வந்து வாசல்ல இருக்கற கல்ல இழுத்து ஒழுங்கு பண்ணும். இன்னும் கிட்ட போனோம்னா அந்தக் கல்லையே உறிஞ்சிகளால பிடிச்சு வாசலை அடைச்சிடும்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல பாறை நிழல்ல பாருங்க, டாம்செல் மீன் குஞ்சுங்க மின்னற நீலத்துல கூட்டமா நிக்கும், வளர்ந்ததும் கருப்பாயிடும். கிளிமீன்ல இங்க பொண்ணுதான் அழகு, சிவப்பு உடம்புல சாம்பல் திட்டு, வால்கிட்ட மஞ்சள், ஆண் வெறும் சாம்பல்.

கடல்புல்லை பாசின்னு நெனச்சு நிறைய பேரு முகம் சுளிக்கறாங்க. பாசி கிடையாது, பொசிடோனியா ஓஷியானிகா, பூ பூக்கற தாவரம், இந்த இனம் மெடிட்டரேனியன் தவிர வேற எங்கயும் கிடையாது. ரொம்ப மெதுவா பரவறதால படகு நங்கூரம் ஒரு தடவை இழுத்துட்டுப் போன எடம் பல வருஷத்துக்கு மொட்டையாவே கிடக்கு, அதைப் பாக்கும்போது மனசு வலிக்கும். நான் வந்த புதுசுல அந்தப் புல்லுக்கு நடுவுல பெரிய விசிறிச் சிப்பி, அதான் பின்னா நொபிலிஸ், நட்டு வெச்ச மாதிரி நிக்கும். 2016ல ஸ்பெயின் பக்கம் ஒரு ஒட்டுண்ணியால சாக ஆரம்பிச்சு மெடிட்டரேனியன் பூரா பரவிடுச்சு, 2019ல ஐயூசிஎன்ங்கற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை அழியற ஆபத்து மிக மிக அதிகமா இருக்கற இனமா அறிவிச்சுது. இப்ப எனக்குக் கண்ணுல படறது காலி ஓடுதான். உயிரோட ஒண்ணைப் பாத்தீங்கன்னா தொடாம, இடத்தைக் குறிச்சு கடல் ஆராய்ச்சி பண்றவங்களுக்குச் சொல்லுங்க.

ஊதா ஜெல்லி மீன் கொட்டினா நல்லா எரியும், கடல் தண்ணியிலயே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, தேய்க்கவும் கூடாது. முட்டை பொரிச்ச மாதிரி நடுவுல மஞ்சளா இருக்கறது பெருசா ஒண்ணும் பண்ணாது, அதோட குடைக்குக் கீழ குட்டி மீன் ஒளிஞ்சிருக்கும், பாக்க அவ்ளோ நல்லா இருக்கும். பாறைமேல ஊர்ற நெருப்புப் புழுவை மட்டும் கை வெக்காதீங்க, வெள்ளை முடி ஒவ்வொண்ணும் முள்ளு, தோலுக்குள்ள ஒடஞ்சு நிக்கும். கடல் முள்ளெலி இருக்கறதால ரப்பர் ஷூ இல்லாம பாறையில இறங்க வேணாம்.

சாமான் விஷயத்துல, சாதாரண சிலிக்கான் மாஸ்க்தான் நீடிச்சு உழைக்குது, ஓரம் மஞ்சளாச்சே தவிர தண்ணி ஒழுகல. புது மாஸ்க் கண்ணாடியை உள்பக்கம் டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சுக் கழுவிட்டு, அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு பேபி ஷாம்பு, பனி பிடிக்காது. முகம் முழுக்க மூடற மாஸ்க் எனக்கு ஒத்து வரல, மூக்கைப் பிடிச்சு காதழுத்தம் சரி பண்ண முடியாததால கீழ முங்கவே முடியாது. ஆரஞ்சு மிதவை ஒண்ணு இடுப்புல கட்டாம நான் போறதில்ல, சம்மர்ல ஸ்பீட் போட் அவ்ளோ சுத்துது.

எப்ப வர்றதுன்னு கேட்டா செப்டம்பர் பாதிக்கு மேல அக்டோபர் வரைக்கும்னு சொல்லுவேன், கூட்டம் குறைஞ்சிருக்கும், தண்ணி சூடு அப்படியே இருக்கும். பிப்ரவரி மார்ச்ல 15 டிகிரி கிட்ட இறங்கிடும், நல்ல தடிமனான வெட்சூட் இருந்தா மட்டும் இறங்குங்க.