38 மி.மீ. டயரும் மூன்று மழைக்காலமும்

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. முதல் வருடம் 28 மி.மீ. அகல டயர். நல்ல வேகம், ஆனால் பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் முதுகு கழன்றுவிடும். ஒரே மாதத்தில் இரண்டு பஞ்சர், இரண்டும் தண்ணீர் மூடிய பள்ளத்தில். டியூபைக் கழற்றினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கினால் அப்படித்தான் ஆகும்.

ஃபிரேமில் இடம் இருந்ததால் 38-க்கு மாறினேன். காற்றழுத்தத்தை 90 பிஎஸ்ஐ-யிலிருந்து 55-க்கு இறக்கினேன் (என் எடை 74 கிலோ). அந்த இரட்டை ஓட்டை அப்புறம் விழவே இல்லை. ஆணிக்கு எந்த டயரும் ஒன்றுதான்.

அகல டயர் இருக்கிறதே என்று மணலையும் அலட்சியமாக நினைத்ததுதான் தப்பு. மேடவாக்கம் பக்கம் ஒரு திருப்பத்தில் ஜல்லித்தூள் சிதறிக் கிடந்தது. வண்டியைச் சாய்த்துத் திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் தோல் போனதோடு சரி. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். "வளையறதுக்கு முன்னாடியே ஸ்லோ பண்ணிடணும் சார். வளைவுல பிரேக்க தொடக் கூடாது" என்றார். அவருக்கு மூன்று சக்கரம், ஆனாலும் சொன்னது சரி. இப்போது மணலோ, நனைந்த சாக்கடை மூடியோ எதிரில் வந்தால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கை விட்டுவிட்டுக் கடக்கிறேன்.

பள்ளத்துக்கும் அதேதான். பிரேக் பிடித்தபடி இறங்கினால் உடல் பாரம் முன் சக்கரத்தில் போய் விழும். பெடல் இரண்டையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்திவிட்டால் அடி பாதிதான் தெரியும். தண்ணீர் தேங்கிய இடத்தில் முன்னால் போகும் ஆட்டோவைப் பார்ப்பேன். அதன் சக்கரம் எங்கே திடீரென்று இறங்குகிறதோ அங்கே நான் போவதில்லை.

பின்னால் வருவதைப் பார்க்க ஹேண்டிலின் வலது பக்கம் மாட்டிய சின்னக் கண்ணாடிதான் செலவிட்டதிலேயே உருப்படியானது. பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று வலதுபுறம் ஒதுங்குவது பள்ளத்தைவிட ஆபத்து. நிற்கும் கார்களிடமிருந்து ஒரு கதவு அகலம் தள்ளிப் போகவும் அதே கண்ணாடிதான் தைரியம் தருகிறது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பின் டயரின் நடுப்பகுதி இப்போது வழுவழுவென்று ஆகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். மறுபடியும் 38தான்.