ஒதுக்கமான தோட்டத்துக்கு எந்த ஜப்பானிய மேப்பிள்?

என் தோட்டத்துக்கு மூன்று பக்கம் மதில், மேற்கே ஒரு பெரிய மரம். வெயில் காலையில் மூன்று மணி நேரம் விழும், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஏழு ஆண்டுகளாக நான்கு ஜப்பானிய மேப்பிள்களை வளர்த்து வருகிறேன். நான்கும் ஏசர் பால்மேட்டம் என்ற ஒரே இனம்தான். ஆனால் நான்குக்கும் நான்கு குணம்.

முதலில் வாங்கியது பிளட்குட். நர்சரியின் திறந்த வெயிலில் அதன் இலை கருஞ்சிவப்பாக மின்னியது. அந்த நிறத்துக்காகவே வாங்கினேன். இரண்டாம் கோடையிலேயே நிழல் பக்கத்து இலைகள் பச்சை கலந்த பழுப்பாகிவிட்டன. மரத்தின் மேல் குறையில்லை. சிவப்பு இலை வகைகளுக்கு நிறம் ஏற வெயில் வேண்டும். பாதி நாளாவது வெயில் படும் இடம் இருந்தால் பிளட்குட்டைத் தயங்காமல் வாங்கலாம். நிமிர்ந்து வளரும், உறுதியான மரம்.

உகிகுமோ இதற்கு நேர் எதிர். பச்சை இலையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் தூவினாற்போல இருக்கும். பெயருக்கு மிதக்கும் மேகங்கள் என்று பொருள். உச்சி வெயில் பட்டால் கருகிப்போகும் இலை அது. மதில் நிழலில் இத்தனை ஆண்டும் வெயிலுக்குக் கருகாமல் இருக்கிறது. வளர்ச்சி மெதுவுதான், பொறுமை வேண்டும்.

கார்னெட்டின் இலை நூல் நூலாகக் கிழிந்தது போல இருக்கும், கிளைகள் கவிந்து தொங்கும். அதை வாசல் பக்கம் இரண்டு சுவர்களுக்கு நடுவே வைத்தேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. மதில் இருந்தால் காற்று இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சந்தில் நுழையும் காற்றுக்கு வேகம் அதிகம். இலை உதிர்ந்த பிறகு பெயர்த்து உள்ளே நட்டதும் பிழைத்துக்கொண்டது.

இனி ஒசகாசுகி. கோடை முழுக்க வெறும் பச்சை இலை, ஏழு விரல் விரித்த கை மாதிரி. வாங்கும்போது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் ஓரிரு வாரத்தில் மரம் முழுக்கச் செக்கச்செவேல் என்று மாறியது. மேகம் மூடிய நாளில்கூட அந்த மூலை வெளிச்சமாகத் தெரிந்தது. அரை நிழலிலும் இந்த நிறம் வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒதுக்கமான, வெயில் குறைந்த இடத்துக்கு ஒரே ஒரு மேப்பிள் என்றால் இதைத்தான் சொல்வேன். முடிந்தால் நிறம் மாறும் பருவத்திலேயே போய்ப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது ஒட்டுக் கட்டிய இடத்தைக் கட்டாயம் பாருங்கள். அதற்குக் கீழே கிளை வெடித்திருந்தால் அது அடிச்செடியின் கிளை. விட்டால் வாங்கிய ரகத்தையே அமுக்கிவிடும். தொட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம். நடும்போது ஆழமாகப் புதைக்காதீர்கள், இதன் வேர் மேலாகவே ஓடும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மண் வறண்டாலும் இலை கருகும். மட்கிய இலையால் மூடாக்குப் போடுகிறேன், தண்டைத் தொடாமல். கவாத்து, இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது மட்டும். துளிர்க்கும் சமயத்தில் வெட்டினால் சாறு வடிந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் உறைபனி. மூன்று பக்கம் மதில் இருப்பதால் குளிர்ந்த காற்று தாழ்வான மூலையில் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். வசந்தத்தின் கடைசிப் பனியில் உகிகுமோவின் கொழுந்து ஒருமுறை முழுதும் கருகியது. மறுபடி துளிர்த்ததுதான், ஆனால் அந்த ஆண்டு இலை அடர்த்தியாக இல்லை. இப்போது பனி விழும் என்று தெரிந்தால் இரவில் மெல்லிய துணி போர்த்திவிடுகிறேன்.

மேற்கு மரத்தடியில் இன்னும் ஒரு இடம் காலி. சாங்கோ-காகு வைக்கலாம் என்றிருக்கிறேன். இலை கொட்டிய பிறகு அதன் இளங்கிளைகள் பவழச் சிவப்பாக நிற்கும். சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரிவதும் அந்த இடம்தான்.