விரிசலைப் பூசுவதா, அஸ்திவாரத்தைத் தாங்குவதா?

தங்கச்சிமடத்தில் எங்கள் அடுப்படி ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படி இறங்கின மாதிரி ஒரு விரிசல், மேலே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும், கீழே வர வர மயிரிழை. இப்படிச் சாய்வாக, ஒரு முனை அகலமாக இருந்தால் பெரும்பாலும் சுவர் ஒரு பக்கம் உட்காருகிறது. கான்கிரீட்டில் கம்பி போகும் வழியிலேயே நேராக ஓடி துருக்கறை கசிந்தால் அது உப்புக்காற்றின் வேலை, வேறு கதை.

கொத்தனார் சொன்னது பூச்சு. விரிசலை அகலப்படுத்தி, கோழிவலை அடித்து, கலவை பூசினால் இரண்டு நாளில் முடிந்துவிடும், செலவும் கம்மி. சரி என்று செய்தோம், அடுத்த மழைக்கே அதே இடம் வாயைப் பிளந்தது.

இன்னொன்று, அஸ்திவாரத்துக்கு அடியில் சுமார் 1 மீட்டர் துண்டுகளாக, விட்டு விட்டுத் தோண்டி கான்கிரீட் கொடுப்பது. மொத்தமாகத் தோண்டினால் சுவரே இடிந்து விழுந்துவிடும். நம் கடற்கரை மணலில் குழி நிற்காது, கொஞ்சம் ஆழத்திலேயே தண்ணீர் ஊறும், அதனால் பலகை அடைப்பும் கோடைக்காலமும் கூடவே ஒரு இன்ஜினியரும் வேண்டும். செலவு பல மடங்கு.

என்னைக் கேட்டால், முதலில் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி, தேதி எழுதி, ஐப்பசி கார்த்திகை மழை தாண்டுகிறதா பாருங்கள். உடையாவிட்டால் சுவர் நகரவில்லை, பூச்சு போதும். எங்களுடையது மூன்றாவது வாரமே உடைந்தது. தோண்டினால், கழிவுநீர்க் குழாய் கசிந்து மணலை அரித்திருந்தது! குழாயை மாற்றிய பிறகுதான் அஸ்திவாரத்தில் கை வைத்தோம்.