ரிட்டர்ன் பம்ப்பா, வேவ்மேக்கரா: கழுவும்போது தெரியும் வித்தியாசம்

முதல் 14 மாதங்கள் என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரே ஒரு பெரிய ரிட்டர்ன் பம்ப்தான். தொட்டிக்கு அடியில் இருக்கும் துணைத்தொட்டியான சம்பில் உட்கார்ந்துகொண்டு, வடிந்து வரும் தண்ணீரை மேலே தூக்கி அனுப்பும். தொட்டிக்குள் கறுப்பாக எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது என்பதற்காகவே அதை வாங்கினேன். இப்போது சம்பில் அதில் பாதி அளவு பம்ப், தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ்மேக்கர். அழகு கொஞ்சம் குறைந்துதான் போனது. ஆனாலும் பழையபடி மாற்றும் எண்ணம் இல்லை.

ஓட்டம் எதற்கு என்று நீட்டி முழக்க வேண்டாம். 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 7-ஐக்கூட எட்டாது. அதனால் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பாறை இடுக்கில் கழிவு தங்கி நைட்ரேட் ஏறக்கூடாது. சரி, இதை யார் நன்றாகச் செய்கிறார்கள்?

பெரிய பம்ப்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது தரைமட்டக் கணக்கு. 1.2 மீட்டர் மேலே ஏறி, இரண்டு வளைவு தாண்டி வரும் தண்ணீரை வாளியும் கடிகாரமுமாக அளந்தேன். 10 லிட்டர் நிறைய 20 விநாடி, அதாவது மணிக்கு 1800. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கே மணிக்குப் பத்து மடங்காவது சுழல வேண்டும் என்பார்கள், பவளம் வைத்தால் இன்னும் அதிகம். நமக்கு வந்தது ஒன்பது மடங்கு. அதுவும் ஒரே வாயிலிருந்து ஒரே திசையில் பாய்ந்தது. வலது மூலையில் மணல் பறக்கும், இடது பாறைக்குப் பின்னால் பழுப்புத் தூசி படியும்.

வேவ்மேக்கருக்குத் தண்ணீரைத் தூக்கும் வேலையே இல்லை. விசிறி மாதிரி இருந்த இடத்திலேயே தள்ளுகிறது. அதனால்தான் 6 வாட்டிலும் அகலமாகத் தள்ள முடிகிறது. பழைய பம்ப் 50 வாட் தின்றது. இரண்டையும் எதிரெதிர் மூலையில் சற்று மேல்நோக்கி வைத்து, மாறி மாறி ஓடவிட்டேன். பாறைக்குப் பின்னால் படிவது பெருமளவு நின்றது.

இதெல்லாம் இருந்தும் நான் மாறியதற்குக் காரணம் வேறு. கழுவும் வேலை.

கடல்நீரில் ஓடும் எந்த மோட்டாரிலும் சுண்ணாம்பு படியும். ரிட்டர்ன் பம்ப்பைக் கழற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நிறுத்தி, குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்து, உப்பு இறுகிய கிளாம்பைத் திருகி, தரையெல்லாம் நனைந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதனால் 'அடுத்த ஞாயிறு' என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பதாவது மாதம், விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வேகமாகச் செவுள் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வாளியை எடுத்தேன். அதே 10 லிட்டருக்கு 31 விநாடி. மணிக்குச் சுமார் 1160 லிட்டர்தான். ஒரே நாளில் குறைந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். சிறுகச் சிறுகக் குறைந்ததால் தெரியவே இல்லை.

வேவ்மேக்கர் காந்தத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது. ஒன்றை எடுத்தால் மற்றது ஓடிக்கொண்டிருக்கும், மீனுக்குப் பாதிப்பில்லை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் போட்டு அதற்குள்ளேயே அரை மணி ஓடவிடுவேன். ஊதா நிறத்தில் ஒட்டியிருக்கும் கோரலைன் பாசி நுரைத்துக்கொண்டு கழன்று வரும். அப்புறம் மூடியைத் திருகி, உள்ளே சுழலும் ரோட்டரை இழுத்து, அது உட்காரும் குழியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வெளியே பளபளப்பாகி, உள்ளே சுண்ணாம்பு இருந்தால் கடகடவென்ற சத்தம் போகாது. நல்ல தண்ணீரில் அலசி மாட்டினால் முடிந்தது. கைவேலை கால் மணி நேரம். சுலபமாக இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்கிறேன்.

இதிலும் குறை உண்டு. மெல்லிய மணல் என்றால் கோணம் கொஞ்சம் தவறினாலும் புழுதிப்புயல்தான். கடல் அனிமோன் இடம் மாறும்போது உறிஞ்சப்பட்டுக் கிழியலாம், வலையோ பஞ்சோ மாட்டியே ஆக வேண்டும். கடற்குதிரை வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு ஓட்டம் வேண்டாம், மிதமான ரிட்டர்ன் பம்ப்பே போதுமானதாக இருக்கலாம். சம்ப் இருந்தால் சிறிய ரிட்டர்ன் பம்ப்பை எப்படியும் விட முடியாது, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் அங்கேதானே.

கரன்ட் போனால் இரண்டுமே நிற்கும். ஆனால் டிசி வேவ்மேக்கர் சிலவற்றில் பேட்டரி இணைக்க வழி இருக்கிறது, 6 வாட் என்பதால் நெடுநேரம் தாங்கும். ரிட்டர்ன் பம்ப் நின்றால் மேல்தண்ணீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும், அங்கே இடம் விட்டு வைக்காவிட்டால் தரையில்தான் வழியும்.

தொட்டியில் துளை போட்டு வெளியே பம்ப் வைக்கும் குளோஸ்டு லூப் முறையை நண்பர் தொட்டியில் பார்த்ததோடு சரி. உள்ளே எதுவுமே தெரியாமல் அழகாக இருந்தது. கழுவுவது எப்படி என்று கேட்டேன், சிரித்தார்.

வேவ்மேக்கர் வாங்குகிறவர்கள் ரோட்டரும் அது சுழலும் அச்சான ஷாஃப்ட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். போன முறை கழுவும்போது பீங்கான் ஷாஃப்ட் என் கையிலேயே இரண்டாக உடைந்தது. மாற்று ஷாஃப்ட் இழுப்பறையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் மறுபடி ஓடியது.