மூலையிலிருந்து நாலரை அடி: எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ, 14 மாதத்துக்குப் பிறகு

முதல் நாள் ராத்திரியே கீழ்வீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன் சாமி, இந்நேரத்துல மேல கிரைண்டர் ஓடுதா?"

ஓடிக்கொண்டிருந்தது படம். ஆனால் அம்மா சொன்னதில் தப்பே இல்லை. மேலே சோஃபாவில் உட்கார்ந்திருந்த எனக்கும் கிரைண்டர் கல் சுற்றுகிற மாதிரிதான் கேட்டது. கதவை அறைந்தாலும் 'ம்ம்ம்', லாரி போனாலும் 'ம்ம்ம்', பாட்டில் பேஸ் கிட்டார் வந்தாலும் அதே 'ம்ம்ம்'. 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய சப்வூஃபர், அதாவது பேஸ் என்கிற அடிமட்டச் சத்தத்துக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி. வந்து பொருத்திக் கொடுத்தவர் டிவிக்கு இடது பக்கம் மூலையில் வைத்தார், ஒயரைச் செருகினார், "மூலையிலதான் சார் பேஸ் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மொத்தம் இருபது நிமிஷம். அடுத்த மூன்று மாதம் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி சப்வூஃபரைப் பற்றியும் பாதி என் வீட்டு ஹாலைப் பற்றியும் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுத முடியாது.

முதலில் பெட்டி. எஸ்விஎஸ் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நிறுவனம், 1998இல் தொடங்கியது. எஸ்பி-1000 ப்ரோவில் 12 இன்ச் கோன், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர். தொடர்ந்து 325 வாட், உச்சத்தில் 820 வாட் தரும் என்கிறார்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து, 270 வரை, 3 டெசிபலுக்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும் என்பது அவர்கள் கொடுக்கும் கணக்கு. கனசதுரத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வருகிற சின்னப் பெட்டி, எடை சுமார் 12 கிலோ. ஒரே ஆள் தூக்கி இடம் மாற்றலாம் என்பதை வாங்கும்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு அதுதான் காப்பாற்றியது.

இது சீல்டு பெட்டி, அதாவது காற்று வெளியேறும் ஓட்டை இல்லாதது. ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டி அதே விலையில் அடிமட்ட பேஸை இன்னும் பலமாகத் தரும். ஆனால் பெட்டி பெரிதாகிவிடும். தவிர, சீல்டு பெட்டி ஒரு எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும், போர்ட்டட் 24 டெசிபல் வீதம் சட்டென்று விழும். நம் ஊரில் வீடுகள் செங்கல், கான்கிரீட். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவராக இருந்தால் பேஸ் கொஞ்சம் கசிந்து போய்விடும். நம் சுவர் எதையும் விடாது. சின்ன ஹாலில் கதவைச் சாத்தினால் அறையே கீழ் அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கும். மெதுவாக இறங்கும் சீல்டு பெட்டிக்கு இந்தத் தூக்கல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். படிக்காமல் விட்டது, அதே சுவர் 40 ஹெர்ட்ஸில் என்ன செய்யும் என்பதை.

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மோட்டார் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை உட்கார வைத்த அடித்தளத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வீட்டில் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வர மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ் கிட்டார் மட்டும் வாசிக்கும் ஒரு பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுரம் சுரமாகக் கீழே இறங்கி வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசியில் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டியதும் ஹால் முழுக்க அதிர்ந்தது. அந்த ஒரு சுரம் மட்டும்தான். அதன் அலைவரிசை 41 ஹெர்ட்ஸ்.

டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். நீளம் 14 அடி, அகலம் 11, உயரம் 10. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். 14 அடி என்பது 4.27 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாக அடைபடும் அலைவரிசை வேண்டுமென்றால், 343ஐ நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை 40. கிட்டார் கம்பியும் என் ஹாலும் ஒரே சுருதியில் இருந்திருக்கின்றன.

அந்த 40 ஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் ஓரத்தில்தான் அழுத்தம் மிக அதிகம், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சப்வூஃபரை மூலையில் வைத்தால் நீளம், அகலம், உயரம் மூன்றின் அதிர்வையும் முழுப் பலத்தோடு கிளப்பிவிடும். என் சோஃபாவோ பின்சுவரோடு ஒட்டி இருந்தது. கிளம்புகிற இடமும் உச்சம், கேட்கிற இடமும் உச்சம். மூலையில் பேஸ் நன்றாக வரும் என்று அவர் சொன்னது உண்மைதான். நிறைய வரும். ஆனால் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவில் வராது.

அன்றைக்கே சோஃபாவைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்தோம். மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. பின்னால் பெருக்கவும் துடைக்கவும் வசதி என்று அப்புறம் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது, தவழ்ந்து இடம் பிடிக்கும் முறை. ஹோம் தியேட்டர் ஆர்வலர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய வழி, ஆனால் செய்து பார்த்தவர்கள் குறைவு. சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில், சோஃபா மேலேயே வைத்துவிட வேண்டும். அந்த பேஸ் கிட்டார் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, பெட்டியை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும், காது கோன் இருக்கும் உயரத்தில் இருக்கிற மாதிரி. எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கான இடம். பேசுபவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொண்டாலும் அறை இரண்டுக்கும் நடுவே செய்வது மாறாது என்பதுதான் இதன் சூட்சுமம்.

நான் தவழ்ந்தேன், என்னோடு மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் தவழ்ந்தாள். இடத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். வலது சுவரோரம், முன்மூலையிலிருந்து நாலரை அடி. "அப்பா, இங்க எல்லாம் ஒரே சைஸ்ல கேக்குது." நானும் போய்க் கேட்டேன். அவள் சொன்னது சரி.

அந்த இடத்தில் அம்மாவின் தையல் மெஷின் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. அதை ஜன்னல் பக்கம் நகர்த்த அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "தாராளமா வெச்சுக்கோ" என்றார்.

காது சொன்னதைச் சரிபார்க்க நண்பரிடமிருந்து ஒரு யூமிக்-1 மைக் வாங்கி வந்தேன். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யுஎஸ்பி மைக், ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்குத் தனியாக அளவுத் திருத்தக் கோப்பு உண்டு. அளந்ததைப் படமாகக் காட்டும் மென்பொருள் ஆர்ஈடபிள்யூ, இலவசம். மூலையில் வைத்து, சோஃபா சுவரோரம் இருந்தபோது 40 ஹெர்ட்ஸில் 13 டெசிபல் மேடு. புது இடத்தில், சோஃபாவை முன்னால் இழுத்த பிறகு, அதே மேடு 6 டெசிபல். ஒரு பைசா செலவில்லாமல் 7 டெசிபல் குறைந்தது. மிச்சத்தைச் சப்வூஃபரின் மொபைல் செயலியில் இருக்கும் ஈக்வலைசரில் வெட்டினேன். எஸ்விஎஸ்ஸின் இந்தச் செயலிக்காகவே மதிப்பெண் கூடக் கொடுப்பேன். மூன்று இடங்களில் மேட்டை வெட்டலாம், வால்யூமையும் ஃபேஸையும் (மற்ற ஸ்பீக்கரோடு அலை சேரும் பொருத்தம்) சோஃபாவில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். பின்பக்கம் போய்க் குனிந்து திருகும் வேலை இல்லை. கேட்கும் இடத்தில் இருந்துகொண்டு மாற்றினால்தான் மாற்றம் புரியும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது. அலையும் எதிரலையும் மோதி அழிவதால் வரும் பள்ளத்தில் எவ்வளவு வாட் கொட்டினாலும் அதுவும் சேர்ந்தே அழியும், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். பள்ளத்துக்கு மருந்து இடம் மாற்றுவது மட்டும்தான்.

ரிசீவர் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். என்னுடையதில் ஆடிஸி உண்டு, மைக்கால் அறையை அளந்து தானே சரிசெய்யும் வசதி. மைக்கை வைத்து அளக்கும் முன் சப்வூஃபரின் லோ-பாஸ் ஃபில்டரை, அதாவது மேல் அலைவரிசைகளை வெட்டும் வசதியை, அணைத்துவிட வேண்டும், பிரிக்கும் வேலையை ரிசீவர் மட்டும் செய்யட்டும். இரண்டு பேரும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். தொடக்கத்தில் அளவு 75 டெசிபல் பக்கத்தில் வருகிற மாதிரி வால்யூமை வைத்தேன், என் ஹாலில் அது செயலியில் மைனஸ் 15. அளந்து முடித்ததும் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் நடுவே பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸ் வைத்தேன். பெரிய ஸ்பீக்கராயிற்றே, 'ஸ்மால்' என்று போடுவதா என்று மனம் வராது. அது கௌரவப் பிரச்சினை இல்லை, 80க்குக் கீழே உள்ள சுமையை சப்வூஃபரிடம் கொடு என்று சொல்லும் ஆணை, அவ்வளவுதான். 80க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் பெட்டி டிவி பக்கத்தில் இல்லாமல் வலது சுவரில் இருந்தும் எனக்கு வெடிச் சத்தம் திரையிலிருந்தே வருகிறது.

அளவில் ஒரு விஷயம் முதலில் குழப்பியது. பெட்டி என்னிடமிருந்து 8 அடி தூரத்தில் இருக்கிறது, ரிசீவர் 12 அடி என்றது. தப்பில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் டிஜிட்டல் சர்க்யூட் சத்தத்தை மூன்று நான்கு மில்லி வினாடி தாமதிக்கும், ஒரு மில்லி வினாடி என்பது ஒலிக்கு ஓர் அடிக்குச் சற்று மேல். அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது தூரமாகச் சொல்கிறது. டேப்பை நம்பி 8 என்று திருத்திவிடாதீர்கள். நான் 12ஐ அப்படியே விட்டு, மைக்கில் பார்த்துக்கொண்டே அரை அடி அரை அடியாக ஏற்றினேன். 13 அடியில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு குழி நிரம்பியது. முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் அங்கே ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே பக்கம் தள்ளத் தொடங்கின. ஆண் குரலின் அடித்தொண்டை அன்றுதான் முழுசாகக் கேட்டது.

பிறகு ஓர் இரைச்சல் வந்தது. எதுவும் ஓடாதபோதும் மெல்லிய 'ம்ம்'. 50 ஹெர்ட்ஸ் என்று கேட்டவுடனே தெரிந்தது, நாள் முழுக்கப் பட்டறையில் கேட்பதுதானே. வந்து பார்த்த எலக்ட்ரீசியன் எக்ஸ்டென்ஷன் போர்டின் எர்த்தைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்றார். போய்விடும். ஆனால் எங்காவது லைன் பாடியில் பட்டால் உயிரும் போய்விடும். எர்த் இல்லாத மோட்டாரில் அடிபட்டவர்களைப் பார்த்தவன் நான், யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். செட் டாப் பாக்ஸுக்கு மாடியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. கேபிள் வழியாக வேறோர் எர்த் வந்து வளையம் கட்டியிருக்கிறது. கேபிளில் அந்த எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்று போட்டேன், முடிந்தது.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் மோட்டாருக்கு அடியில் போடும் ரப்பர் மவுண்ட் நான்கைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். என் தளத்தில் ஷோகேஸ் கண்ணாடியும் ஸ்டீல் பீரோவின் கதவும் கிணுகிணுப்பது நன்றாகக் குறைந்தது. மிச்சமிருந்ததை 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒலியை ஓட விட்டு, எது எந்த இடத்தில் சிணுங்குகிறது என்று தேடித் தேடி ஃபெல்ட் ஒட்டினேன். கீழே அம்மாவின் அறையில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. பேஸ் பெட்டியின் கால் வழியாக மட்டும் இறங்குவதில்லை, காற்றின் வழியே தளம் முழுவதையும் அசைத்து இறங்குகிறது. ரப்பர் அதைத் தடுக்காது. தடுத்துவிடும் என்று சொல்லி யாராவது விலை உயர்ந்த பேடு விற்றால் யோசித்து வாங்குங்கள். 40 ஹெர்ட்ஸ் மேடு போனதால் பாதி தீர்ந்தது. மீதிக்கு, செயலியில் இரவுக்கென்று ஒரு ப்ரீசெட் சேமித்திருக்கிறேன், அளவு 8 டெசிபல் கம்மி. எட்டு மணிக்கு மாற்றிவிடுவேன். இப்போது அம்மா கூப்பிடுவதில்லை.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? என்னுடையது மாதிரி 150, 200 சதுர அடி, கதவு சாத்தக்கூடிய அறை என்றால் தயங்காமல் வாங்கலாம். ஹாலும் டைனிங்கும் மாடிப்படியும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீடு என்றால் இந்த அளவுள்ள சீல்டு பெட்டி ஒன்று போதாது. அறை கொடுக்கும் தூக்கல் அங்கே கிடைக்காது, போர்ட்டட் ஒன்றைப் பாருங்கள். 20க்குக் கீழே நெஞ்சை அழுத்தும் அதிர்வு வேண்டுபவர்களுக்கும் இது இல்லை. சோஃபாவை நகர்த்தவே முடியாது என்றால் வாங்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

போன மாதம் ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காபியோடு மேலே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தவிலின் தொப்பியில் குச்சி விழுவதும், தோல் அதிர்ந்து அடங்குவதும், அடுத்த அடி விழுவதற்குள் நடுவே ஓர் அமைதி இருப்பதும் தனித்தனியாகக் கேட்டன. மூலையில் இருந்தபோது இதே பதிவில் அந்த அமைதி இருந்ததில்லை. அம்மா தையல் மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தவில் தனி முடியும் வரை காபி ஆறிக்கொண்டிருந்தது.