எட்டுப் பேர், இரண்டு பெட்ரூம்: ஹைட்ராலிக் கட்டிலும் கூட வாங்கிய மற்றவையும்

ஹைட்ராலிக் கட்டில், அதாவது மேல் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி மாதிரி சாமான் வைக்கும் இடம் உள்ள கட்டில், வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் அதற்குள் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். சோபா கம் பெட், ஹாலில் பகலிலும் ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் நல்ல யோசனைதான், ஃபேனைக் கழற்ற வீட்டில் சம்மதிப்பார்கள் என்றால். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் கதை சென்னையில் பல வீடுகளில் நடப்பதுதான். நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டில் இருந்த மாமனார் வீட்டை ஜாயிண்ட் வென்ச்சரில் பில்டரிடம் கொடுத்தார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் எங்கள் பங்குக்கு வந்தது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். சொல்லிக்கொள்வதற்கு 1,080 சதுர அடி, வீட்டுக்குள் நாம் புழங்கும் இடமான கார்பெட் ஏரியா 760. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு கார்பெட் ஏரியாவைக் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும், ஆனாலும் பேச்சு வழக்கில் எல்லாரும் பொதுப் படிக்கட்டின் பங்கையெல்லாம் சேர்த்த சூப்பர் பில்டப்பையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சாமான் வாங்கப் போகும்போது அந்தப் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள், பொதுப் படிக்கட்டில் யாரும் பீரோ வைக்க முடியாது. மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், மூன்று பிள்ளைகள், நைட் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கொழுந்தன், ஆக எட்டுப் பேர். இந்தக் கடைசி ஆளைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட திட்டம் எதுவும் எங்கள் வீட்டில் நிற்கவில்லை.

முதலில் கட்டில். புறநகரில் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்துச் செய்தது, கிங் சைஸ், 78க்கு 72 அங்குலம். பெட்டியின் ஆழம் ஓர் அடி. கணக்குப் போட்டால் 39 கன அடி வருகிறது, நடுத் தடுப்புப் பலகையெல்லாம் கழித்தாலும் நல்ல உயரமான ஸ்டீல் பீரோ ஒன்றின் கொள்ளளவுக்குக் குறையாது. பீரோ வைக்கத் தனியாக ஒரு சுவர் வேண்டும், அதன் கதவைத் திறக்க முன்னால் இடம் வேண்டும், இதற்கு அது எதுவும் வேண்டாம். எப்படியும் கட்டில் அடைக்கப் போகிற இடம்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே காசு வீணில்லை என்பேன்.

இனி கடைக்காரர் சொல்லாத விஷயம். மேல் பலகையைத் தூக்கி நிறுத்துவது இரண்டு பக்கமும் இருக்கிற கேஸ் பிஸ்டன்கள். உள்ளே அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயு, கூடவே கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான், மோட்டார் கிடையாது. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இத்தனை நியூட்டன் என்று ஒரு விசை உண்டு, அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பலகை, மெத்தை இரண்டின் எடைக்கும் ஏற்றபடி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறையில் ஃபோம் மெத்தையை மனதில் வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலோ மாமியார் போடியிலிருந்து தைத்து வரவழைத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, பஞ்சைக் கெட்டியாகத் திணித்து வைத்தவை. மெத்தையைப் போட்டதும் பலகையைத் தூக்கினால் பாதியில் நின்று மெதுவாகக் கீழே இறங்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் குனிந்து சாமானை எடுக்க வேண்டும். "ஏம்மா, ஒரு போர்வை எடுக்க ரெண்டு ஆளா?" என்றார் மாமியார். அப்புறம் பட்டறையில் கேட்டு விசை கூடிய ஜோடியை மாற்றினோம், மெத்தையோடு சேர்த்து ஒரு கையால் தூக்கலாம் என்ற அளவுக்கு வந்தது. ஆனால் இலவம்பஞ்சை அவ்வப்போது வெயிலில் காயப்போட வேண்டுமே, மெத்தையை எடுத்த மறு நிமிடம் பலகை தானாக மேலே எழும்பி நிற்கிறது, அழுத்தி மூடினாலும் மூடமாட்டேன் என்கிறது! கடைசிப் பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடங்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பிஸ்டனின் குணமே அப்படி. மெத்தையை முதலில் முடிவு செய்து, அதை எடை போட்டு, அந்த எண்ணைப் பட்டறையில் சொல்லி வாங்குங்கள்.

உள்ளே என்ன வைப்பது? கொலு பொம்மைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது, மேலே கனமும் விழாது. விருந்தாளி வந்தால் எடுக்கும் போர்வை, தலையணை, பெரிய டிராவல் பேக், சரி. தினமும் தேவைப்படும் எதையும் வைக்காதீர்கள். நாங்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அடுக்கி வைத்துப் பார்த்தோம். காலையில் ஆறு மணிக்கு அதே கட்டிலில் மாமனார் தூங்கிக்கொண்டிருப்பார், அவரை எழுப்பாமல் ஒரு சாக்ஸ் எடுக்க முடியாது. பட்டுப் புடவையும் கூடாது. காற்றே போகாத பெட்டி, சென்னை ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே வாடை பிடித்துவிடும். நான் பட்டறைக்காரரிடம் சொல்லி பக்கப் பலகையில் காற்றுத் துளை போடச் சொன்னேன், கொஞ்சம் தேவலை. பித்தளை அண்டா, தவலை எதையும் உள்ளே ஏற்றவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டாயிற்று, அந்தத் தகராறு தனிப் பதிவாக எழுதும் அளவுக்குப் பெரிது.

அடுக்குக் கட்டில் இரும்பில் வாங்கினோம், கீழே சக்கரம் வைத்த இழுப்புக் கட்டில் ஒன்று. மூன்று பிள்ளைகளும் ஒரே கட்டில் அளவு இடத்தில் படுக்கிறார்கள், தரையில் ராத்திரி மட்டும் கொஞ்சம் இடம் போகிறது. மரத்தைவிட இரும்பு விலை குறைவு, கழற்றி மாட்டலாம், ஆனால் போல்ட் தளர்ந்தால் புரண்டு படுக்கும்போதெல்லாம் கிரீச்சிடும், மாதம் ஒரு முறை ஸ்பேனரோடு உட்கார வேண்டும். கடைகளில் காட்டும் படங்களைப் பாருங்கள், எதிலும் சீலிங் ஃபேன் இருக்காது. நம் ஊரில் ஃபேன் இல்லாத அறை ஏது? அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கட்டுகிறார்கள். மேல் தட்டு ஐந்தடி உயரத்தில், அதன் மேல் நான்கடிப் பிள்ளை எழுந்து நின்றால் தலை ஒன்பதடி, ஃபேன் இறக்கை அதற்கும் கீழேதான் சுற்றும். நாங்கள் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு எதிரெதிர்ச் சுவரில் இரண்டு சுவர் ஃபேன் மாட்டினோம், காற்று அந்த அளவுக்கு வராது என்று பிள்ளைகள் முனகத்தான் செய்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேல் தட்டில் விடக் கூடாது என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது, தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே மெல்லிய மெத்தையாகப் பார்த்துப் போடுங்கள், எட்டு அங்குல மெத்தையைப் போட்டுவிட்டால் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான். கொசுவலை கட்டுவது தனி வித்தை, மேல் தட்டுக்குக் கட்டலாம், நடுத்தட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கட்டினாலும் காலையில் வலை கழுத்தில் கிடக்கிறது.

சோபா கம் பெட் பற்றி அதிகம் எழுத மனமில்லை. பொருள் மோசமில்லை, இரும்புச் சட்டம் உறுதி, துணியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழுந்தன் காலையில் வேலையிலிருந்து வந்து ஹாலில் அதை விரித்துத் தூங்குவார் என்பது திட்டம். அந்த நேரத்தில்தான் மாமியாருக்குக் காய்கறி நறுக்க வேண்டும், கேஸ்காரர் வர வேண்டும், மாமனாரைப் பார்க்க யாராவது வர வேண்டும். விரித்தால் ஹாலில் நடக்க வழி இல்லை, மடக்கினால் மூன்று பேர் உட்காரலாம், ஆனால் மடக்க அவர் எழுந்திருக்க வேண்டும். எந்தச் சாமானாக இருந்தாலும் தினமும் மடக்கி விரிக்க வேண்டும் என்றால் அது இன்னார் வேலை என்று ஓர் ஆள் வேண்டும். பெரிய குடும்பத்தில் அது எல்லார் வேலையும் ஆகி, யாரும் செய்யாமல் அப்படியே கிடக்கும். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கொழுந்தன் அவர்கள் அறையில் கீழ்த் தட்டில் தூங்குகிறார், கதவையும் சாத்திக்கொள்ளலாம், லீவு நாட்களில் மட்டும்தான் சண்டை. சோபாவை வாங்கிய நாளிலிருந்து சோபாவாகவே வைத்திருக்கிறோம்.

சுவரில் மடக்கும் சாப்பாட்டு மேசையை மாட்ட வந்தவர் டிரில் போட்டதும் மாவு மாதிரி கொட்டியது. புது ஃப்ளாட்டுகளில் உள்சுவர் பெரும்பாலும் எடை குறைந்த ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்), சாதாரணப் பிளக் பிடிக்காது, அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். மாட்டிய பிறகு உறுதியாகத்தான் இருக்கிறது, நான்கு பேர் சாப்பிடலாம். மற்ற நான்கு பேர்? தரையில். மாமனாருக்கு மட்டும் முழங்கால் வலி என்பதால் மேசையில் நிரந்தர இடம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது கோரைப் பாயும் பவானி ஜமக்காளமும்தான். பழைய வீட்டிலிருந்து வந்தவை போக இன்னும் இரண்டு பாய் வாங்கினோம். எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கு ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தாலும் ஹாலில் பாய் போட்டால் முடிந்தது, காலையில் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினால் இடம் அடைக்காது. மடக்க ஆள் வேண்டும் என்றேனே, பாய்க்கு மட்டும் அது பொருந்தாது. படுத்தவரே சுருட்டிவிடுவார், சுருட்டாவிட்டால் மாமியார் விடமாட்டார்.

பட்டறையில் ஆர்டர் கொடுப்பவர்கள் ப்ளைவுட்டின் மேல் முத்திரையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதில் இந்தியத் தர எண் இருக்கும், ஐஎஸ் 303 என்றால் சாதாரண ப்ளை, அதிலும் எம்ஆர் என்ற ரகம் காற்றின் ஈரப்பதத்தை மட்டும்தான் தாங்கும், தண்ணீர் படும் இடத்துக்கு அதற்கு மேலான ரகத்தைக் கேளுங்கள். ஐஎஸ் 710 என்றால் மரைன் ப்ளை, கட்டிலுக்கு அது தேவையில்லாத செலவு, சமையலறைக்கு வேண்டுமானால் போடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு விலை குறைவு என்று காட்டுவார்கள், வீடு துடைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பக்கம் உப்பிவிடும். அப்புறம் உங்கள் லிஃப்டின் கதவு அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகை லிஃப்டில் நுழையவில்லை, மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அந்தக் கூலி பில்லில் தனி.