காலேஜ் பிள்ளைக்கு முதல் கிரெடிட் கார்டா? மால் ஸ்டாலில் மட்டும் வாங்கித் தராதீர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். என் அக்கா மகள் சம்பந்தப்பட்ட விஷயம். அவளிடம் கேட்டபோது, "எழுதுங்க மாமா, என் கிளாஸ்லயே நாலு பேர் அந்த மாதிரி வாங்கியிருக்காங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். காலேஜ் திறக்கும் சமயத்தில் எங்கள் பக்கம் மால் வாசல், பெட்ரோல் பங்க் என்று எங்கே போனாலும் குடை விரித்து ஸ்டால் போட்டுவிடுகிறார்கள்.

அவள் கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கார்டு யோசனை என்னுடையது. அவள் அப்பா வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது, வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதே அவருக்குத் தடையாக நின்றது. "உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே" என்று மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். பிள்ளைக்கு அந்த நிலைமை வரக்கூடாது, வேலைக்குப் போகும் முன்பே சிறியதாக ஒரு கார்டு வாங்கி ஒழுங்காகக் கட்டிப் பழகட்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வாங்கிய இடம்தான் தப்பு.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலுக்குள் நுழைந்ததுமே கழுத்தில் வங்கிப் பெயர் போட்ட பட்டையோடு ஒரு பையன் வந்தான். "லைஃப்டைம் ஃப்ரீங்க சார், தங்கச்சிக்கு ஸ்டூடண்ட் ஆஃபர் இருக்குங்க" என்றான். கூடவே ஒரு முதுகுப் பையும் இலவசம். நான் இரண்டே கேள்விதான் கேட்டேன். வருடக் கட்டணம் உண்டா? இல்லைங்க சார். இவளுக்கு வருமானமே இல்லையே, சான்று கேட்பார்களே? "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்ங்க சார்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவருக்குச் சொந்தமாகப் பண வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கார்டு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படிக்கிற பிள்ளைக்கு அது இருக்காது. அப்படியென்றால் "நாங்க பார்த்துக்கறோம்" என்பதற்கு ஒரே அர்த்தம்தான், படிவத்தில் பொய் எழுதுவோம் என்று அர்த்தம். அந்தப் பையன் வங்கி ஊழியரும் இல்லை. வங்கிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியின் ஆள். இத்தனை கார்டுக்கு இவ்வளவு என்று காசு. அவனைத் திட்டி எழுத எனக்கு மனசில்லை. அவனுக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும்.

டேப்லெட்டில் அவனே எல்லாவற்றையும் தட்டினான். திரையை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. அவள் போனுக்கு அடுத்தடுத்து மூன்று ஓ.டி.பி. வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லு கண்ணு" என்றேன் நான். முதலாவது போன் நம்பருக்கு. இரண்டாவது ஆதாருக்கு. மூன்றாவது எதற்கு என்று நாங்கள் படித்தது செப்டம்பரில்தான். ரூ.1,499 கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் கொண்ட ஏதோ ஒரு கார்டு பாதுகாப்புக் காப்பீட்டில் சேரச் சம்மதம் கேட்டு வந்த ஓ.டி.பி. அது. தொகை முதற்கொண்டு அந்தச் செய்தியிலேயே இருந்தது. மூன்று மாதமாக அவள் போனிலேயே கிடந்திருக்கிறது.

கார்டு கூரியரில் வந்தது. அவள் போன் போட்டு பின் நம்பர் வைத்தாள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒரு ரூபாய்க்குக் கூட தேய்க்கவில்லை. பிறகு, இவ்வளவு பாக்கி இருக்கிறது, கட்ட இந்த லிங்கைத் தட்டுங்கள் என்று எஸ்.எம்.எஸ். வர ஆரம்பித்தது. இலவசக் கார்டு, பயன்படுத்தவும் இல்லை, அப்புறம் எப்படிப் பாக்கி வரும்? மோசடிச் செய்தி என்று முடிவு கட்டி அழித்துவிட்டாள். லிங்க் வந்தால் தொடாதே என்று நாம்தானே சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் முதல் வாரம், இரவு 8.40க்கு ஒரு போன். அவளுக்கு இல்லை, அவள் ரூம்மேட்டுக்கு. ரெஃபரன்ஸ் என்று அந்த நம்பரைக் கொடுத்திருந்தோம். "உங்க ஃப்ரெண்ட் பணம் கட்டாம ஓடிட்டாங்களா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். வசூல் போன் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பண்ணக்கூடாது, நண்பர்களையும் குடும்பத்தாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று விதி இருப்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மறுநாள் கஸ்டமர் கேரில் கணக்கு கேட்டேன். சேர்க்கைக் கட்டணம் 499, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 588.82. காப்பீடு 1,499, வரியோடு 1,768.82. முதல் ஸ்டேட்மெண்டே ரூ.2,357.64. அதைக் கட்டாததற்கு இரண்டு மாதம் தாமதக் கட்டணம் வரியோடு 590 வீதம், அதற்கு மேல் வட்டி. மொத்தம் 3,700ஐத் தாண்டியிருந்தது. ஸ்டேட்மெண்ட் ஏன் ஈமெயிலில் வரவில்லை என்று கேட்டேன். வந்துகொண்டுதான் இருந்ததாம், அவளுடையது அல்லாத ஒரு முகவரிக்கு. அவள் பெயருக்குப் பின்னால் நாலு எண்ணைச் சேர்த்து அந்தப் பையனே எழுதிவிட்டிருக்கிறான்.

பணம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு மூன்று ஈமெயில் போட்ட பிறகு அனுப்பினார்கள். அதைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தொழில்: சுயதொழில். வகை: ரெடிமேட் கார்மெண்ட்ஸ். ஆண்டு வருமானம்: ரூ.4,80,000. பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் முகவரியிலேயே துணி வியாபாரம் நடத்துகிறாளாம். அதற்குக் கீழே, மேலே உள்ளவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி, அவள் ஆதாரை வைத்துப் போட்ட கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே மாமா" என்று அழுதாள். இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான், பில்லைப் படிக்காமல் ஒரு கையெழுத்து போட்டதில்லை. அந்தப் பிள்ளையைப் படிக்க விடாமல் "சொல்லு கண்ணு" என்று அவசரப்படுத்தியவனும் நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்து அவளுடைய கடன் அறிக்கையை, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினாள் என்ற பதிவை எடுத்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என இதைத் தயாரிக்க நம் நாட்டில் நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காசு கொடுக்காதீர்கள். அறிக்கையில் மாதத்துக்கு ஒரு சின்னக் கட்டம், எத்தனை நாள் தாமதம் என்ற எண் அதற்குள் இருக்கும். ஜூலை கட்டத்தில் 014. ஆகஸ்ட் கட்டத்தில் 045. அவள் வாழ்க்கையின் கடன் வரலாறு தொடங்குவதே அந்த இரண்டு கட்டங்களில்தான். எதற்காக இந்த வேலையில் இறங்கினேனோ அதற்கு நேர் எதிரானது நடந்திருந்தது.

வங்கிக்குப் புகார் எழுதியபோது எங்களுக்குக் கை கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு விதிகளின்படி, கார்டோடு காப்பீடு கொடுத்தால் வாடிக்கையாளரின் தெளிவான சம்மதத்தோடு நாமினி விவரமும் வாங்கியிருக்க வேண்டும். "இந்தக் காப்பீட்டுக்கு நாமினி யார்?" என்று கேட்டேன். பதிலில் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை, ஆனால் காப்பீட்டுத் தொகையைத் திருப்பிவிட்டார்கள். படிவத்தில் இருக்கும் ஈமெயில் அவளுடையதே இல்லை என்று காட்டி அடுத்த கடிதம் போட்ட பிறகு தாமதக் கட்டணமும் வட்டியும் போயின. சேர்க்கைக் கட்டணம் 588.82ஐ மட்டும் விடவில்லை. லைஃப்டைம் ஃப்ரீ என்று வாயால் சொன்னதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. கட்டித் தொலைத்தோம்.

கட்டிய கையோடு கார்டை மூடச் சொல்லி ஈமெயில் அனுப்பினோம். பாக்கி எதுவும் இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இந்த விதியைக் கடிதத்திலேயே குறிப்பிட்டேன். "பாயிண்ட்ஸ் தர்றோம், வெச்சுக்கங்க மேடம்" என்று இரண்டு முறை போன் வந்தது, ஆறாவது நாள் மூடிவிட்டார்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. விவரம் கேட்க 14448. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது வீட்டில் காலேஜ் பிள்ளை இருப்பவர்களுக்கு. பிள்ளைக்கு ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கே நேராகப் போங்கள். எஃப்.டி.யை (நிரந்தர வைப்புத் தொகை) ஈடாக வைத்துக் கொடுக்கும் கார்டு என்று கேளுங்கள். பிள்ளை பெயரில் பத்து, பதினைந்தாயிரம் போட்டால் பெரும்பாலும் அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் லிமிட் தருவார்கள். அந்தப் பணத்துக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். வருமானச் சான்று பொதுவாகக் கேட்பதில்லை, அதனால் யாரும் பொய் எழுத வேண்டிய அவசியமே வராது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும். உங்கள் கார்டிலேயே கூடுதல் கார்டு வாங்கிக் கொடுப்பது செலவுக்குச் சரிதான், ஆனால் பாக்கி முழுக்க உங்கள் பொறுப்பு. பிள்ளைக்குச் சொந்த வரலாறு வேண்டுமென்றால் அதை நம்பாதீர்கள்.

படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு ஓ.டி.பி. செய்தியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், எண்ணை மட்டும் இல்லை, முழுச் செய்தியையும். கார்டு வந்த உடனே பின் நம்பர் போட்டுவிடாதீர்கள். உறையில் இருக்கும் கட்டண விவரத்தாளைப் பாருங்கள். சொன்னதற்கு மாறாக ஏதாவது இருந்தால் அப்படியே வையுங்கள். 30 நாளாகியும் கார்டை உயிர்ப்பிக்கவில்லையென்றால், வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் செலவில்லாமல் மூடிவிட வேண்டும். எங்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

வட்டியைப் பற்றியும் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல், வருடக் கணக்கில் 42, 45 சதவீதம், அதற்கும் ஜி.எஸ்.டி. முப்பதுக்கு மேல் வாங்கக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. 'குறைந்தபட்சத் தொகை' என்று ஸ்டேட்மெண்டில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. அதற்கு வட்டியில்லாத நாளே கிடையாது, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

அறிக்கையில் 014, 045 இரண்டையும் நீக்கித் தருவதாக வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சுயதொழில் என்ற வரி இன்னும் நிற்கிறது. அதற்குத் தனியாகத் திருத்தம் கேட்டிருக்கிறோம். அவளுக்கு இப்போது எஃப்.டி. கார்டு ஒன்று இருக்கிறது, போன் ரீசார்ஜுக்கும் திருப்பூர் வரும் பஸ் டிக்கெட்டுக்கும் மட்டும். முதல் ஸ்டேட்மெண்ட் ரூ.349. வந்த அன்று சாயங்காலமே கட்டிவிட்டு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். கூடவே, கட்டும்போது வந்த ஓ.டி.பி. செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்து வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பியிருந்தாள்.